ஐந்து பவுண்டு காகிதம்

நண்பர் ஒருவர் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய புத்தகப் பைத்தியம். இரவு ஒன்பதரை மணிக்கு மேல் அவரிடமிருந்து போன் வந்தால், ஏதோ ஒரு கேள்வியைப் போட்டு என் தூக்கத்தைக் கெடுக்கப்போகிறார் என்று அர்த்தம். போன வாரமும் அப்படித்தான்.

“ஊரே பசியில கிடக்கு. தெருவுல எதிரி பட்டாளம் ரோந்து சுத்துது. பக்கத்து வீட்டுக்காரனைக் குடும்பத்தோட ரயில்ல ஏத்திக்கிட்டுப் போறான். அந்த நேரத்துல ஒருத்தன் கதவைச் சாத்திக்கிட்டு கலர் கலரா படப்புத்தகம் அச்சடிச்சுக்கிட்டு இருக்கான். அவன் நல்லவனா, கெட்டவனா?”

“யாரு சார் அது?”

“யாரா இருந்தா என்ன, பொதுவா சொல்லுங்க.”

பொதுவாகச் சொல்ல முடியாது என்றேன். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பொதுவாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அரசியல்வாதி, இன்னொருவர் பட்டிமன்ற நடுவர். “அப்போ யோசிச்சு வைங்க, நாளைக்குக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டார். எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அவர் மனதில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால ஐரோப்பாவில், ஜெர்மனியின் பிடியில் இருந்த பாரிஸிலும் ஹாலந்திலும் ஓவியர்களைக் கொண்டு புத்தகம் போட்டவர்கள். கொஞ்ச நாளாக இரண்டு பேருமே அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஓவியர் புத்தகம் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கதைக்கு நடுவே படம் வரைந்து தருகிற வேலை இல்லை அது. ஓவியரே செப்புத் தகட்டிலோ கல்லிலோ லினோலியத்திலோ நேரடியாகச் செதுக்கி, வரைந்து, அதிலிருந்து அச்செடுத்த தாள்கள். ஒவ்வொரு தாளும் ஓவியரின் கைவேலை. மொத்தமே இருநூறு, இருநூற்றைம்பது பிரதிதான். பெரும்பாலும் தைக்காமல் தனித்தனித் தாள்களாகப் பெட்டிக்குள் இருக்கும். சாதாரண வாசகன் விலையைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடவேண்டியதுதான். எந்த ஓவியர், எந்த எழுத்து, எந்தக் காகிதம், எந்த அச்சகம் என்று முடிவு செய்து, வருஷக்கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் வெளியீட்டாளர். பாரிஸில் இந்தக் கலையை வளர்த்த பெரிய கை அம்ப்ருவாஸ் வொலார். ஓவிய வியாபாரி. போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1939 ஜூலையில், கார் விபத்தில் இறந்துபோனார். அரைகுறையாக நின்ற புத்தகங்கள் பல. அவை யார் கைக்குப் போயின என்பதைப் பிறகு சொல்கிறேன். அங்கேதான் வில்லங்கம் இருக்கிறது.

முதலில் ஹாலந்து. அதன் வடக்கு மூலையில் குரோனிங்கன் என்று ஒரு ஊர். அங்கே ஹெண்ட்ரிக் வெர்க்மான் என்று ஒரு அச்சுக்காரர். 1882-ல் பிறந்தவர். ஒரு காலத்தில் நிறைய ஆட்களை வைத்துப் பெரிய அச்சகம் நடத்தியவர், 1923 வாக்கில் நொடித்துப்போனார். மிஞ்சிய கொஞ்சம் எழுத்துகளோடும் ஒரு கைப்பிரஸ்ஸோடும் கிடங்கு ஒன்றின் மாடிக்கு இடம் மாறினார். திவாலான மனிதர் பொதுவாக என்ன செய்வார்? இன்னும் பயந்து, கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் என்று பிழைப்பைப் பார்ப்பார். வெர்க்மானும் அதைச் செய்தார். ஆனால் மீதி நேரத்தில் அந்தப் பிரஸ்ஸை வைத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்தார்.

டிரெடில் மெஷின் ஓடும் அச்சகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த மை வாசனை மறக்காது. எழுத்துக் கோத்து, ஃபாரம் முடுக்கி, ரோலர் ஓட்டி, தாளைக் கொடுத்து எடுப்பது. வழி ஒன்றுதான். வெர்க்மான் அதைத் தலைகீழாக்கினார். தாளைக் கீழே மல்லாக்கப் போட்டு, பெரிய மர எழுத்துகளை அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார். மை ரோலரையே தூரிகையாக்கித் தாள்மேல் நேராக உருட்டினார். ரோலரின் ஓரத்தால் கோடு இழுத்தார். காகிதத்தில் உருவம் வெட்டி, அந்த ஓட்டை வழியாக நிறம் ஏற்றினார். ஒரு தாள் முடியப் பல தடவை கை படவேண்டும். இரண்டு தாள் ஒன்றுபோல் இருக்காது. அச்சுத் தொழிலின் அடிப்படையே எல்லாப் பிரதியும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதுதான். இவர் அச்சுக்காரராக இருந்துகொண்டே அதைக் கைவிட்டார். வாங்க ஆளில்லை.

1940 மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்தைப் பிடித்தது. அந்த வருஷக் கடைசியில் மூன்று பேர் வெர்க்மானைத் தேடி வந்தார்கள். அவர்களில் ஆகஸ்ட் ஹெங்கல்ஸ் என்பவர் ஒரு பாதிரியார். ஒரு கவிதையை அச்சடித்துத் தரவேண்டும் என்று கேட்டார்கள். கவிதை 1572-ஆம் வருஷத்தைப் பற்றியது. ஸ்பெயின்காரர்களின் ஆட்சிக்கு எதிராக டச்சு மக்கள் கிளர்ந்த வருஷம் அது. ஜெர்மானியர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படிக்கிற டச்சுக்காரனுக்கு மட்டும் புரியும்.

இப்படி ஆரம்பித்ததுதான் ‘நீலப் படகு’. முட்டாள்கள் கூட்டமாக ஏறிப்போகிற படகு பற்றி அந்தப் பக்கம் ஒரு பழைய கேலிக் கதை உண்டு, அதிலிருந்து எடுத்த பெயர். 1944 வரை நாற்பது வெளியீடுகள் வந்தன. ஒன்று 1942-க்கான காலண்டர். கூட்டன்பர்க் காலத்தில், துருக்கியருக்கு எதிராகத் திரண்டெழுங்கள் என்று அழைப்பு விடுத்து அச்சான பழைய காலண்டரை அப்படியே எடுத்துப் போட்டார்கள். ஐந்நூறு வருஷத்துப் பழைய சரக்கு, அதில் என்ன ராஜத்துரோகம் இருக்க முடியும்? துருக்கியர் என்ற இடத்தில் வேறு பெயரைப் போட்டுப் படித்துக்கொள்வது வாசகர் பாடு.

ஹெங்கல்ஸ் ஒரு நாள் வெர்க்மானிடம் மார்ட்டின் பூபரின் நூல் ஒன்றைக் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த பால் ஷெம் என்ற யூத ஞானியைப் பற்றிய கதைகள். வெர்க்மான் யூதரல்ல. ஆனாலும் கதைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1942-லும் 1943-லும் பத்துப் பத்துத் தாளாக இரண்டு தொகுதிகள் போட்டார். ஒவ்வொன்றிலும் இருபது பிரதிகள்தான்.

இந்த இரண்டு வருஷங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அதே 1942-43-ல்தான் குரோனிங்கன் யூதர்கள் வீடுவீடாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். பக்கத்து மாகாணத்தில் வெஸ்டர்போர்க் முகாம். அங்கிருந்து போலந்துக்கு ரயில். ஹாலந்திலிருந்த சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கீழே தெருவில் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே மாடியில் அறுபது வயது மனிதர் ஒருவர் அதே ஆட்களின் பாட்டன்மார் கதையை நீலத்திலும் மஞ்சளிலும் உருட்டிக்கொண்டிருக்கிறார். சப்பாத் நாளில் ஏழைகள் கூடும் படம் ஒன்று அதில் இருக்கிறது. முகங்களே கிடையாது, நிற உருவங்கள் மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு என்னால் வேறு பக்கத்துக்குப் போக முடியவில்லை.

அந்தத் தாள்கள் யாரையாவது காப்பாற்றினவா? ஒருவரையும் இல்லை. மறுப்பதற்கில்லை. நண்பரின் கேள்வியில் இருக்கும் முள் இதுதான். அதே நேரத்தை ஒரு யூதக் குழந்தையை ஒளித்துவைப்பதில் செலவழித்திருக்கலாமே?

செலவழித்தவர்களும் இருந்தார்கள். விசித்திரம் என்னவென்றால் அவர்களில் சிலரும் புத்தகம்தான் போட்டார்கள்.

ஊட்ரெக்டில் ஹேர்ட் லுப்பர்ஹாய்சன் என்று ஒரு வேதியியல் மாணவர். யூதக் குழந்தைகளை வீடு வீடாக ஒளித்துவைக்கும் மாணவர் குழுவோடு தொடர்பு. குழந்தைக்குச் சாப்பாடு வேண்டும், ரேஷன் அட்டை வேண்டும், எல்லாவற்றுக்கும் பணம். யான் காம்பெர்ட் என்ற கவிஞர், சுட்டுக்கொல்லப்பட்ட பதினெட்டுப் பேரைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். யூதர்களை எல்லை கடத்த உதவிய குற்றத்துக்காகப் பிடிபட்டு 1943 ஜனவரியில் நொயன்காமே முகாமில் இறந்துபோனவர். அந்தக் கவிதையை ஒற்றைத் தாளில் படத்தோடு அச்சடித்து ரகசியமாக விற்றார் லுப்பர்ஹாய்சன். பணம் கொட்டியது. அப்படிப் பிறந்ததுதான் ‘சுறுசுறுப்புத் தேனீ’ என்று பொருள்படும் பெயர்கொண்ட பதிப்பகம். அது இன்றைக்கும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஹாலந்தின் பெரிய இலக்கியப் பதிப்பகங்களில் ஒன்று.

பணம் ஏன் கொட்டியது? போர்க்காலத்தில் கடையில் சாமான் கிடையாது. சம்பளம் வருகிறது, செலவழிக்க இடமில்லை. கையில் இருக்கும் நோட்டுக்கு நாளைக்கு மதிப்பு இருக்குமா என்று தெரியாது. ஆகவே அழகாக அச்சான, எண்ணிக்கை போட்ட ஒரு தாளுக்கு மனிதர்கள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள். ஹாலந்தில் ஐந்து வருஷத்தில் ரகசியமாக வெளிவந்த இலக்கிய வெளியீடுகள் ஆயிரத்தைத் தாண்டும். எல்லாமே தியாகமில்லை. சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு வியாபாரம். மனித சுபாவம் போர் வந்தால் மட்டும் மாறிவிடுமா என்ன?

இன்னொரு பதிப்பகத்துக்கு ‘ஐந்து பவுண்டு அச்சகம்’ என்றே பெயர். ஆம்ஸ்டர்டாமில் பால்கெமா என்ற புத்தக வியாபாரி நடத்தினார். சிறிய அச்சு வேலைகளுக்கு ஐந்து பவுண்டு காகிதம் வரை அனுமதி கேட்கவேண்டாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. டச்சுக் கணக்கில் இரண்டரைக் கிலோ. இன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் வாங்குகிற ஒரு ரீம் ஏ4 தாளின் எடை. அவ்வளவுதான் ஒரு மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தையே பெயராக வைத்துக்கொண்டார். எனக்கு இந்தக் குசும்பு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவருக்கு அச்சடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் துவார். அதே அச்சகத்தில் போலி அடையாள அட்டைகளும் ஆயிரக்கணக்கில் ஓடின. அட்டை வேலையை ஒருங்கிணைத்தவர் ஹெரிட் ஃபான் டெர் வேன் என்ற சிற்பி. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த வில்லெம் சாண்ட்பெர்க் என்ற எழுத்துருக் கலைஞரும் அதில் இருந்தார். அட்டை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் ஊர்ப் பதிவேட்டில் அசல் இருக்கிறதே! ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும். ஆகவே 1943 மார்ச் 27 அன்று பதிவு அலுவலகத்தையே கொளுத்தினார்கள். பன்னிரண்டு பேர் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஃபான் டெர் வேனும் துவாரும் அடுத்த வருஷம் ஜூன் 10 அன்று. சாண்ட்பெர்க் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு கிராமத்துக்குத் தப்பினார்.

ஒளிந்திருந்த இடத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கிடைத்த காகிதத்தைக் கிழித்து, ஒட்டி, எழுத்துகளை வரைந்து சின்னச் சின்னக் கையெழுத்துப் புத்தகங்கள் செய்துகொண்டிருந்தார். தலைக்கு மேல் கத்தி. நண்பர்கள் புதைகுழியில். கையில் கத்தரிக்கோலும் பசையும். தப்பித்து ஓடிய மனிதன் பொழுது போகாமல் செய்த வேலை என்று சொல்லிவிடலாம். ஆனால் நெருப்பு வைத்ததும் அதே கைதான். முன்னதை வீரம், பின்னதைத் தப்பித்தல் என்று பிரித்து எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, இப்போது பாரிஸுக்குப் போவோம்.

வொலார் விட்டுப்போன புத்தகங்கள் என்று சொன்னேன் அல்லவா? அவற்றில் முக்கியமானவை மார்ட்டின் ஃபாபியானி என்பவர் கைக்கு வந்தன. கோர்சிகாக்காரர். பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர். ஆள் கெட்டிக்காரர், ரசனையும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு விஞ்ஞானி பூஃபோன் எழுதிய விலங்குகள் நூலுக்காக பிக்காசோ 1936-லேயே வொலாருக்கு முப்பத்தொரு படங்கள் செதுக்கிக் கொடுத்திருந்தார். ஃபாபியானி அதை 1942-ல் வெளியிட்டார். 226 பிரதிகள். குதிரை, கழுதை, காளை, தட்டான். பார்த்தால் விட மனசு வராத புத்தகம்.

அதே ஃபாபியானிதான், நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்த ஓவியங்களை வாங்கி விற்றவர்களில் முக்கியமானவர். பால் ரோசன்பெர்க் என்ற யூத வியாபாரியின் சேகரிப்பிலிருந்து கொள்ளைபோன படங்கள் அவரிடம் வந்தன. ரோசன்பெர்க் யார்? பிக்காசோவுக்கும் மத்தீஸுக்கும் ஓவியம் விற்றுக் கொடுத்தவர். அமெரிக்காவுக்குத் தப்பியோடியிருந்தார். அதாவது ஓவியர்களின் பழைய முகவர் வீட்டைக் கொள்ளையடித்த பணமும், அதே ஓவியர்களின் புதிய புத்தகத்துக்குப் போட்ட பணமும் ஒரே கல்லாவில். போர் முடிந்ததும் 1945-ல் ஃபாபியானி கைதானார், பெரிய அபராதம் விழுந்தது. பிறகு நினைவுக் குறிப்புகள்கூட எழுதினார்.

இங்கேயும் அதே பொருளாதாரம்தான். பாரிஸில் பணம் இருந்தது, வாங்கப் பொருளில்லை, ஆகவே ஓவியத்திலும் அரிய புத்தகத்திலும் போட்டார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கே கலைச்சந்தை கொடிகட்டிப் பறந்தது. ஊட்ரெக்டில் அந்தப் பணம் குழந்தைகளுக்குச் சோறு போட்டது. பாரிஸில் குதிரைக்குக் கொள்ளு போட்டது.

மத்தீஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் இந்தப் பகுதி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 1940-ல் பிரேசில் போக விசா கையில் இருந்தும், எல்லோரும் ஓடிவிட்டால் பிரான்ஸில் என்ன மிஞ்சும் என்று சொல்லிவிட்டுத் தங்கியவர். 1941 ஜனவரியில் குடலில் பெரிய அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பாதி நாள் படுக்கைதான். அந்த நிலையில் அவர் தீவிரமாக இறங்கிய வேலை, புத்தகம்.

1943-ல் அவருடைய கோட்டோவியங்களின் தொகுதி ஒன்றை ஃபாபியானி வெளியிட்டார். முன்னுரை லூயி அரகான். கம்யூனிஸ்ட் கவிஞர், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். அதே 1943-ல் அதே அரகான் பொய்ப் பெயரில் நாஜிகளுக்கு எதிராக எழுதிய கவிதை, தலைமறைவுப் பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. ஒரு கை கொள்ளைக்காரரின் பதிப்பகத்துக்கு, இன்னொரு கை தலைமறைவு அச்சகத்துக்கு. மனிதர் ஒருவர்தான்!

அடுத்தது இன்னும் சங்கடம். 1944-ல் மோந்தெர்லானின் ‘பசிஃபே’ நூலுக்கு மத்தீஸ் லினோலியத்தில் செதுக்கிய படங்களோடு ஃபாபியானி ஒரு புத்தகம் போட்டார். கறுப்புப் பின்னணியில் ஒரே இழுப்பில் ஓடும் வெள்ளைக் கோடு. மத்தீஸின் புத்தகங்களிலேயே அழகானது அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. எழுதிய மோந்தெர்லானோ, 1941-ல் ஜெர்மனியின் வெற்றியைச் சிலாகித்து நூல் எழுதியவர்.

அந்த 1944 வசந்தத்தில் மத்தீஸின் மகள் மார்கரீத்தும் மனைவி அமெலியும் கெஸ்டபோவால் கைது செய்யப்பட்டார்கள். மகள் எதிர்ப்பு இயக்கத்துக்குத் தகவல் சுமந்தவள். மனைவி, பிரிந்து வாழ்ந்தவர்தான், இயக்கத்துக்காக டைப் அடித்துக் கொடுத்தவர். அம்மாவுக்கு ஆறு மாதம் சிறை. மகளைச் சித்திரவதை செய்தார்கள். ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றினார்கள். அந்த ரயில் எல்லையைத் தாண்டாததால் பிழைத்து வந்தாள். எழுபத்தைந்து வயசை நெருங்கும் அப்பா வான்ஸ் என்ற மலையூரில், சக்கர நாற்காலியில், வர்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

இதைக் குற்றச்சாட்டு மாதிரி எழுதிவிட்டேனோ? திரும்பப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. ஒரு வீட்டில் மூன்று பேர். இரண்டு பெண்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள், ஆண் படம் வரைகிறார். நம்மூர் ஆட்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த மகள் விடுதலையான பின் அப்பாவைப் பார்க்க வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அப்பா அவள் முகத்தை வரைந்தார். சித்திரவதைப்பட்டவளே அவர் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கவில்லை. நானும் பிடுங்குவதாக இல்லை.

பென்சில் மேல் எனக்குப் புகார் இல்லை என்றாலும் வெளியீட்டாளர் மேல் இருக்கிறது. வரைவது வேறு, அதை யாரிடம் கொடுக்கிறோம் என்பது வேறு. இந்த வித்தியாசத்தை எனக்கு விளக்கியவர் இன்னொரு ஓவியர், ஜான் ப்ரூலர். போருக்கு முன்னால் அவர் தொழிலே புத்தகங்களுக்குப் படம் போடுவதுதான். செதுக்குவேலையில் பெயரெடுத்தவர். ஜெர்மானியர் வந்ததும், 1940 செப்டம்பரில், பாரிஸ் பதிப்பாளர்கள் தணிக்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தடை செய்யவேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியல் வெளிவந்தது. ப்ரூலர் என்ன செய்தார்? இனி இவர்கள் அனுமதியோடு எதையும் வெளியிடப்போவதில்லை என்று முடிவுகட்டி, கிராமத்துத் தச்சரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பெயர்பெற்ற ஓவியர் மரம் இழைக்கப் போனார்.

பிறகு அவரே வெர்கோர் என்ற புனைபெயரில் ‘கடலின் மௌனம்’ எழுதினார். தன் வீட்டில் வலுக்கட்டாயமாகத் தங்கவைக்கப்பட்ட ஜெர்மன் அதிகாரியோடு ஒரு பெரியவரும் அவர் அண்ணன் மகளும் பேசவே மறுக்கிற கதை. பியர் தெ லெஸ்க்யூர் என்ற நண்பரோடு சேர்ந்து ரகசியப் பதிப்பகம் தொடங்கினார். பெயர் ‘மினுய்’, நள்ளிரவு. அச்சடித்தவர் துக்க அறிவிப்புகள் போடும் ஒரு சின்ன அச்சுக்காரர். எதிரே இருந்த மருத்துவமனை முழுக்க ஜெர்மன் சிப்பாய்கள். எழுத்துகள் போதாது, ஆகவே எட்டுப் பக்கம் கோத்து அடித்துப் பிரித்துவிட்டு, அடுத்த எட்டு. சிநேகிதி ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து தைத்தார். 350 பிரதிகள். கடைசிப் பக்கத்தில், ஆக்கிரமிப்பின் கீழ் ஒரு தேசபக்தரின் செலவில் அச்சிட்டது என்று 1942 பிப்ரவரித் தேதியோடு போட்டார்கள். இதில் நான் ரசிப்பது, காகிதமும் அச்சும் நேர்த்தியாக இருந்தன என்பதைத்தான். மாட்டினால் சாவு. ஆனாலும் மார்ஜின் சரியாக இருக்கவேண்டும். ஓவியர் புத்தகம் செய்தவரின் கை அது. அவசரத்துக்கு அடித்த துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்தால், நாங்கள் தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இந்தப் பதிப்பகம்தான் போருக்குப் பின் சாமுவேல் பெக்கெட்டை வெளியிட்டது. 1958-ல், அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவமே செய்த சித்திரவதையை அம்பலப்படுத்திய ஆன்ரி அலெக்கின் நூலையும் போட்டது, அரசாங்கம் பறிமுதல் செய்தது. எதிரி மாறினாலும் பழக்கம் மாறவில்லை. 2022-ல் மினுய் பதிப்பகம் கல்லிமார் குழுமத்தோடு சேர்ந்துவிட்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியரை அனுசரித்துக் கடைதிறந்து வைத்திருந்த அதே கல்லிமார். சரித்திரத்துக்குத்தான் எவ்வளவு கிண்டல்!

மத்தீஸ் கத்தரித்துக்கொண்டிருந்த காகிதங்கள் என்ன ஆயின? தெரியாத் என்ற கிரேக்கர் அவற்றை 1947-ல் ‘ஜாஸ்’ என்று புத்தகமாக்கினார். இருபது படங்கள், நடுவே மத்தீஸின் பெரிய பெரிய கையெழுத்து. 250 பிரதிகள். மத்தீஸ் பூசிய அதே வர்ணத்தைக் கொண்டு, தகட்டில் வெட்டிய ஓட்டை வழியாக ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே நிறம் ஏற்றினார்கள். வெர்க்மான் மாடியில் செய்தது போலத்தான். அந்தப் புத்தகத்தில் ஒரு கறுப்பு மனிதன் நீல வானத்தில் விழுகிறான். மார்பில் சிவப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் மஞ்சள் நட்சத்திரங்கள். அவை நட்சத்திரமில்லை, வெடிக்கும் குண்டுகள் என்று பலர் வாசித்திருக்கிறார்கள். அச்சான புத்தகம் மத்தீஸுக்கே திருப்தி தரவில்லை. வெட்டி ஒட்டியபோது இருந்த உயிர் தட்டையாகிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

வெர்க்மானுக்கு அந்த வருத்தப்படும் பாக்கியமும் வாய்க்கவில்லை. 1945 மார்ச் 13 அன்று அவரைக் கைது செய்தார்கள். வீட்டிலும் அச்சகத்திலும் இருந்த படங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஏப்ரல் 10 அன்று பாக்கவேன் என்ற கிராமத்தை ஒட்டிய காட்டில், இன்னும் ஒன்பது பேரோடு சேர்த்துச் சுட்டார்கள். மூன்றே நாளில் கனடா ராணுவம் குரோனிங்கனுக்குள் நுழைந்தது. ஊரின் நடுவே நடந்த சண்டையில், ரகசியப் போலீஸ் தலைமையகமாக இருந்த கட்டடம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த வெர்க்மானின் படங்களும் அதோடு எரிந்தன.

இப்படிச் செத்ததால் அவரைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிதாகிவிட்டது, கவனித்தீர்களா? அந்த மூன்று நாளைக் கடந்து உயிரோடு இருந்திருந்தால், ஊர் அவரை எப்படிப் பார்த்திருக்கும்? போர்க்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கலர்ப் படம் அடித்த கிறுக்கர். அவ்வளவுதான். தாள்கள் அதேதான், நிறம் அதேதான். துப்பாக்கிக் குண்டு வந்து சான்றிதழ் கொடுத்தால்தான் அது நல்ல வேலையா? அவர் அந்தத் தாளை உருட்டிய 1942-ல் ஏப்ரல் 10 அவருக்குத் தெரியாதே. தெரியாமல் செய்த வேலையை, தெரிந்துகொண்ட நாம் எடைபோடுகிறோம். ஃபாபியானி விஷயத்திலும் இதே தவறைச் செய்கிறோமோ என்று யோசித்தேன். இல்லை. தன் வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருந்த படம் யாருடையது என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும்.

மறுநாள் இரவு சொன்ன மாதிரியே நண்பர் கூப்பிட்டார். ஒன்பது நாற்பது.

“என்ன முடிவு பண்ணீங்க?”

“மாடியில இருந்தவர் நல்லவர். ஆனா படப்புத்தகம் அடிச்சதுக்காக மட்டும் இல்ல. யார்கிட்டயும் போய் அனுமதி கேட்டு நிக்கல, அதுக்காக.”

“அப்போ மத்தீஸ்?”

“அவர்கிட்ட எனக்குக் கோவம் இருக்கு. மரியாதையும் இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கரைக்க மாட்டேங்குது.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். “சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். அந்த ‘பசிஃபே’ ஒரு பிரதி, ஃபாபியானி போட்டது, உங்க கைக்குச் சும்மா வருது. வச்சுக்குவீங்களா?”

அந்தக் கறுப்புத் தாளில் ஓடுகிற வெள்ளைக் கோடு கண்ணுக்குள் வந்துபோனது. வச்சுக்குவேன் என்றேன்.

“யாராவது வீட்டுக்கு வந்தா எடுத்துக் காட்டுவீங்களா?”

“காட்டுவேன்.”

“வெளியிட்டது யாருன்னு கேட்டா?”

“உட்காருங்கன்னு சொல்லி, காபி போடச் சொல்லிட்டு, இதையெல்லாம் முதல்லேர்ந்து சொல்லுவேன்.”

“காபி ஆறிடுமே சார்” என்றார் நண்பர்.